பிள்ளையின் உடல் வளர்வது வீட்டின் வழக்கப்படி: பிறந்தது முதல் ஐந்து வயது வரை செய்ய வேண்டியவை

எடை ஏறவில்லை, சாப்பிட மறுக்கிறது, இன்னும் நடக்கவில்லை என்றால் பல பெற்றோர் முதலில் கேட்பது டானிக்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, டிவி எத்தனை மணிவரை ஓடுகிறது, பகலில் பிள்ளை எவ்வளவு நேரம் தரையில் இருக்கிறது, வீட்டுக்குள் யாராவது புகைபிடிக்கிறார்களா என்பவை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி வாழ்க்கைமுறை கிடையாது. பெரியவர்கள் எப்போது உண்டு, எப்போது படுத்து, எவ்வளவு நடமாடுகிறார்களோ அதற்குள்தான் அதன் எலும்பும் தசையும் வளர்கின்றன.

"எங்கள் குடும்பமே குட்டை" என்று சமாதானம் சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். இந்தியாவில் தெற்கு டெல்லியில் நடந்தது. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மார்களின், வசதியான சூழலில் வளர்ந்த பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஆறு நாட்டிலும் சராசரி உயரம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியது. தாய் தகப்பனின் உயரத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளில், அட்டவணையில் எடையையும் உயரத்தையும் புள்ளி வைத்து இணைத்தால் வரும் பிள்ளையின் வளைகோடு கீழே சரிந்தால், பரம்பரையைக் காரணம் சொல்லி விட்டுவிடக் கூடாது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் ஒன்றும் நிற்காது.

முதல் படி: மூன்று நாள் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று சேர்ந்து வருமாறு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை தூங்கிய நேரம், விழித்த நேரம், தரையிலோ வெளியிலோ ஓடியாடிய நேரம், வாய்க்குள் போன ஒவ்வொன்றும் அதன் அளவும், திரை பார்த்த நேரம். இவ்வளவையும் எழுத வேண்டும். பிஸ்கட் ஒன்று, அரை டம்ளர் பால், தாத்தா கொடுத்த முறுக்கு எதையும் விடக் கூடாது. பக்கத்தில் பெரியவர்கள் இரவு உண்ட நேரம், விளக்கு அணைத்த நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள்.

"எதுவுமே சாப்பிடுவதில்லை" என்று சொல்லப்படும் பிள்ளை ஒரு நாளில் முக்கால் லிட்டர் பாலும் எட்டு பிஸ்கட்டும் உள்ளே தள்ளியிருப்பது இந்த நோட்டில்தான் தெரியவரும்.

இரண்டாம் படி: இரவை முன்னுக்கு இழுங்கள்

உணவிலிருந்து தொடங்காமல் உறக்கத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரவு பதினொன்றுக்குப் படுக்கும் பிள்ளை காலை ஒன்பதுக்கு எழுந்து, பத்து மணிக்குப் பால் குடித்து, பன்னிரண்டு வரை பசியில்லாமல் திரியும். வெயில் ஏறிவிடுவதால் வெளியே விளையாடவும் முடியாது. உறக்க நேரம் சரியானால் பசியும் விளையாட்டும் பாதி தானாகவே சரியாகும். வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் தூங்கத் தொடங்கியபின் வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தில்தான். கோயில் திருவிழாவுக்காக ஓரிரவு விழித்ததால் உயரம் குறைந்துவிடாது. தினமும் நடப்பதே கணக்கு.

பகல் தூக்கத்தையும் சேர்த்து 24 மணி நேரத்தில் தேவையான உறக்கம் இது:

3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம்
4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம்
1, 2 வயதில் 11 முதல் 14 மணி நேரம்
3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம்

நேரத்தை மாற்றும்போது படுக்கவைப்பதில் தொடங்காதீர்கள், எழுப்புவதில் தொடங்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, உடனே சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பகல் தூக்கம் மாலை நான்கு மணிக்கு மேல் நீள விடாதீர்கள். இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கு வைத்துவிட்டு எட்டுக்குப் பெரிய விளக்கை அணையுங்கள். எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் பிள்ளை படுக்கையில் இருக்க வேண்டும்.

இது தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பிள்ளையை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு, கூடத்தில் சீரியலைச் சத்தமாக ஓடவிடுவார்கள். வீடே கொண்டாட்டமாக இருக்கும்போது தன்னை மட்டும் ஒதுக்குவதாகத்தான் பிள்ளைக்குப் படும். எட்டு மணியிலிருந்து பிள்ளை உறங்கும்வரை டிவியை எல்லோருக்குமே நிறுத்துங்கள். பிள்ளை உறங்கியபின் மெதுவான சத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்பா பத்து மணிக்குத்தான் வேலையிலிருந்து வருவார் என்றால், அவருக்காகப் பிள்ளையை விழிக்கவைக்க வேண்டாம். காலை அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள். குளிப்பாட்டுவதும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவதும் அவர் பங்காகட்டும்.

கைக்குழந்தையை ஒரு வயது வரை மல்லாந்தே உறங்கவையுங்கள். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தலையணையும் தளர்வான போர்வையும் வேண்டாம். தூளியில் பிள்ளை சட்டென்று உறங்கும் என்பது உண்மை. ஆனால் சின்னக் குழந்தையின் கழுத்து அதில் மடங்கி மூச்சு தடைபடலாம், புரளத் தெரிந்த பிள்ளை விழலாம், துணியில் சிக்கலாம். பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது, தரைக்கு அருகே தாழ்வாகக் கட்டிய தூளியில் ஆட்டி, உறங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்துங்கள். இரவு முழுக்கத் தூளி வேண்டாம்.

மூன்றாம் படி: தரையைக் கொடுங்கள்

தூளி, மடி, மெத்தை, கார் இருக்கை, ஸ்ட்ரோலர் என்று மாறிமாறி இருக்கும் குழந்தைக்குத் தன் எடையைத் தானே தாங்கிப் பழக நேரமே கிடைப்பதில்லை. கழுத்து நிற்பதற்கும் தோள் பலப்படுவதற்கும் குப்புறக் கிடத்தல் வேண்டும். பிறந்த சில நாட்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். தொடக்கத்தில் தாயின் மார்பின் மேல் இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று முறை போதும். பிறகு தரையில் பாய் விரித்து அதன்மேல். இன்னும் தவழாத குழந்தைக்கு, விழித்திருக்கும் நேரத்தில், எல்லாம் சேர்த்து ஒரு நாளில் குறைந்தது 30 நிமிடம் வர வேண்டும்.

பால் குடித்தவுடன் கிடத்தினால் கக்கும், அரை மணி நேரம் பொறுங்கள். மெத்தையில் கிடத்தினால் கை புதைந்து ஊன்ற முடியாமல் அழும். அழுதால் சிறு துண்டைச் சுருட்டி மார்புக்கடியில் வைத்து, நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகத்தைக் காட்டிப் பேசுங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் குப்புற விடக் கூடாது.

எப்போது உட்காரும், எப்போது நடக்கும் என்பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நலமான குழந்தை பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 4ஆம் மாதத்திலிருந்து 9ஆம் மாதத்துக்குள், தானே நடப்பது 8ஆம் மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். இடைவெளி அவ்வளவு அகலம். அந்த ஆய்வில் சில குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நேராக நடந்துவிட்டன. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். இரண்டு வயது வரை அப்படித்தான்.

உட்காரவைத்து உருட்டும் வட்ட வாக்கரை வாங்காதீர்கள், பரிசாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் பிள்ளையின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. கால் நுனியால் தரையை உந்தினாலே வண்டி ஓடும். இடுப்பும் தொடையும் நிற்கப் பழகாது. படிக்கட்டில் உருண்டு விழுவதும், எட்டாத அடுப்பை எட்டிப் பிடிப்பதும் இதில்தான் நடக்கிறது. கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் ஊர் மர நடைவண்டி வேறு வகை. அதில் பிள்ளை தன் காலில் நின்று தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. பிடித்துக்கொண்டு தானே நிற்கும் பிள்ளைக்கு, ஆள் பக்கத்தில் இருந்தால் அது நல்ல பொருள். சக்கரம் வழுக்கி ஓடினால் குறுக்குச் சட்டத்தில் ஒரு மணல் பையைக் கட்டுங்கள், வேகம் குறையும்.

பிள்ளையை இடுப்பில் தூக்கும் பழக்கத்தை விடாதீர்கள். தொடைகள் அகன்று தாயின் இடுப்பைக் கவ்வியிருக்கும் நிலை இடுப்பு மூட்டுக்கு நல்லது. அதற்கு நேர்மாறானது, பச்சிளங் குழந்தையின் இரு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது. மூட்டு விலகும் அபாயம் அதில் இருக்கிறது. துணி சுற்றினாலும் கால் மடங்கி விரிய இடம் விடுங்கள். எண்ணெய் தேய்த்துவிடுவது நல்லது, ஆனால் கைகாலை முறுக்கி இழுப்பது கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறலாம்.

ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். மூன்று வயதிலிருந்து அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம், துண்டு துண்டாகச் சேர்ந்தால் போதும். அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் முடியும். காய்ந்த துணியை எடுத்துக் கொடுப்பது, சின்னச் சொம்பில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கைபிடித்துப் படி ஏறுவது, கடைக்கு வண்டியில் போகாமல் நடந்து போவது எல்லாம் கணக்கில் வரும். மாலையில் வெளியே போகும்போது பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தால், பத்து நிமிடத்தில் பிள்ளையும் வந்து மடியில் உட்காரும். கூடவே பந்தை உதையுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலும், வெளியே வளையும் அடி கொண்ட செருப்பும் போதும். ஸ்ட்ரோலரிலோ நாற்காலியிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டிவைக்காதீர்கள்.

நான்காம் படி: தட்டைச் சரிசெய்யுங்கள்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் திட உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும். அளவுகளுக்கு 250 மில்லி கிண்ணம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாத முடிவில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் அரைக் கிண்ணம், நாளுக்கு 2, 3 வேளை.
9 முதல் 11 மாதம் வரை அரையிலிருந்து முக்கால் கிண்ணம், 3, 4 வேளை.
12 முதல் 23 மாதம் வரை முக்காலிலிருந்து ஒரு கிண்ணம், 3, 4 வேளை, இடையில் ஒன்றிரண்டு தின்பண்டம்.

அதிகம் நடக்கும் பிழை, தண்ணீராகக் கொடுப்பது. பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, ரசம் சாதத்தின் மேல்நீர் எல்லாம் சின்ன வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டாது. கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்து ஓடாமல் மெல்ல நழுவ வேண்டும். அதுதான் பதம். கேழ்வரகை இதற்காகவே முளைகட்டுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒன்று ஒன்றரை நாள் கட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உருவாவதால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி களியாக இறுகாது. ஒரு கிண்ணத்தில் கூடுதல் சத்து போகும். இரும்பும் நன்றாக உடலில் சேரும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றரை மேசைக்கரண்டி மாவைக் கால் டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை டம்ளர் நீரில் ஊற்றி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் கிளறி, இறக்கி அரைத் தேக்கரண்டி நெய் விடுங்கள். காய்ச்சியதை ஃபிளாஸ்கில் நாள் முழுக்க வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்ட முடியாததைக் கொட்டிவிடுங்கள், கிருமி பெருகி பேதி வரும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் மேலே சர்க்கரை வேண்டாம்.

தனிச் சமையல் பழக்கம் நீடிக்காது. குடும்பச் சமையலிலிருந்தே பங்கு எடுங்கள். பருப்பும் காயும் கீரையும் வெந்ததும், உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் பிள்ளைக்கு எடுத்துவைத்து மசியுங்கள். முட்டை, மீன், கோழி ஈரல் ஆகியவற்றை ஆறு மாதம் முடிந்ததிலிருந்தே நன்கு வேகவைத்துக் கொடுக்கலாம். மரக்கறி வீடுகளில் பயறும் கீரையும் கொடுக்கும்போது எலுமிச்சைச் சாறு சில துளி பிழியுங்கள், இரும்பு சேர உதவும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால் பானம் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்து. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை ஐந்து வயது வரை தொண்டையை அடைக்கும். பொடித்தோ நீளவாக்கில் வெட்டியோ கொடுங்கள்.

ஒரு வயது ஆனதும் பிள்ளை திடீரெனச் சாப்பாட்டைக் குறைக்கும். வீட்டில் சண்டை தொடங்குவது இங்கேதான். காரணம் எளிது. முதல் ஆண்டில் ஏழு கிலோவரை ஏறிய உடல், இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். அதற்கேற்பப் பசி குறைகிறது. இதைத் தெரியாமல் ஓடி ஓடி ஊட்டுவதும், சோறு போகாததற்கு ஈடாகப் பாலை ஊற்றுவதும் நடக்கிறது. பால் ஒரு நாளுக்கு 400, 500 மில்லிக்கு மேல் போனால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது. பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மங்கும். டீயும் காபியும் இரும்பைத் தடுக்கும், ஒரு வாய்கூட வேண்டாம். ஒரு வயதுக்குப் பின் பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுங்கள். இரவில் பாட்டிலோடு உறங்கினால் முன்பல் சொத்தையாகும்.

என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பதைப் பெரியவர் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். எல்லோரும் உட்காரும் இடத்திலேயே அதற்கும் ஒரு தட்டு வையுங்கள். 25, 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம். புதுக் காயைப் பத்து முறை வரைகூடச் சிறிதளவு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்பா பாகற்காயை ஓரம் ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும்.

கொழுகொழு பிள்ளைதான் ஆரோக்கியம் என்ற எண்ணமும் தீங்கே. இரண்டு வயதிலிருந்து ஐந்து வரை பிள்ளை ஒல்லியாவது இயல்பு. அந்த வயதில் உயரத்தைத் தாண்டி எடை வேகமாக ஏறினால் பேக்கரிப் பண்டம், ஜூஸ், சத்துபானப் பொடி மூன்றையும் நோட்டில் தேடுங்கள்.

ஐந்தாம் படி: போன்

ஒரு வயது முடியும் வரை திரையே வேண்டாம், ஒன்றிலிருந்து இரண்டு வரையும் தவிர்ப்பது நல்லது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நன்று. போனைக் காட்டி ஊட்டும்போது பிள்ளை மெல்லாமல் விழுங்கும், வயிறு நிறைந்ததை உணராது. பின்னாளில் சில பிள்ளைகள் கெட்டி உணவை மெல்லத் தெரியாமல் துப்புவதற்கும் இது ஒரு காரணம். நிறுத்தும்போது முதல் மூன்று நான்கு நாள் உணவு பாதியாகக் குறையும். அதைத் தாங்குங்கள். நான்காம் நாள் பாட்டி மனமிரங்கி ஒரு முறை போனைக் கொடுத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் தொடங்குமுன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நாள் குறித்துவிடுங்கள்.

ஆறாம் படி: புகை, கை, குடற்புழு

வாசலில் புகைத்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் கையிலும் நஞ்சு ஒட்டியிருக்கும். சளியும் வீசிங்கும் அடிக்கடி வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் எடை இறங்கும். சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்திச் சுருளையும் பிள்ளையின் அறையில் தவிர்த்து வலை கட்டுங்கள். ஊட்டுமுன்னும், மலம் கழுவிய பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கிடைக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப்பும் அரசுத் திட்டத்தில் உண்டு. மலம் கறுப்பாவது இயல்பு, அதற்காக நிறுத்த வேண்டாம். கைக்குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயில் அந்த வேலையைச் செய்யாது.

ஏழாம் படி: அளந்து பாருங்கள்

எடையை ஒரு வயது வரை மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், டயப்பரும் கனமான உடையும் இல்லாமல் பாருங்கள். பிறந்த எடை முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைந்து இரண்டு வாரத்தில் திரும்பும். ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும். உயரம் பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் அளவில் தொடங்கி ஓராண்டில் 75, நான்கு வயதில் 100க்கு அருகில் வரும். இரண்டு வயது வரை படுக்கவைத்தும் அதன்பின் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நிற்கும்போது ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம். வீட்டில் சுவரோரம் வெறுங்காலில் நிறுத்தி, குடுமியை அவிழ்த்து, குதிகாலும் பின்புறமும் சுவரில் பட, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள்.

ஒரு எண்ணை வைத்து மகிழவோ அழவோ வேண்டாம். தாய் சேய் நல அட்டையில் ஒவ்வொரு மாதமும் புள்ளி வைத்து இணையுங்கள். கோடு தாழ்ந்த இடத்தில் இருந்தாலும் அச்சிட்ட வளைகோட்டுக்கு இணையாக ஏறினால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே இருந்த கோடு மட்டமாகிப் படுத்தால் உடனே காரணம் தேட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்த சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் ஊட்டக்குறை, 11.5க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவமனை.

வழக்கங்களை மாற்றிக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நான்கு மாதமாகியும் தலை நிற்காதது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, கைகால் விறைத்தோ துவண்டோ இருப்பது, வந்த திறமை மறைவது, இரண்டு மாதமாக எடை ஏறாதது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும்" என்ற பேச்சைக் கேட்டு நாள் கடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் (வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையங்கள்) இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) கட்டணமின்றிக் கிடைக்கும். போகும்போது வளர்ச்சி அட்டையையும் அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை வீட்டில் எப்படி நகர்கிறது, எப்படி உட்காருகிறது என்று ஒரு நிமிடக் காணொளியும் எடுத்துவையுங்கள், மருத்துவமனையில் அது மிரண்டு மடியைவிட்டு இறங்காமல் இருக்கலாம்.